11 வருஷ நீச்சல்குள பம்ப்: பேரிங், சீல் மாத்தி ஓட்டலாமா, வேரியபிள் ஸ்பீடுக்குப் போயிடலாமா?

நீலத்தரை:

வணக்கம். வீட்டு நீச்சல்குளம், 10 மீ × 5 மீ, சராசரி ஆழம் 1.4 மீ. அதாவது 70 கன மீட்டர் தண்ணி. பம்ப் 1.5 எச்பி, சிங்கிள் பேஸ், ஒரே வேகம், 2850 ஆர்பிஎம். வயசு 11. ஃபில்டர் 600 மி.மீ. விட்டமுள்ள சாண்ட் ஃபில்டர். உறிஞ்சுற பக்கமும் திரும்புற பக்கமும் 50 மி.மீ. பிவிசி. உப்புக் குளோரினேட்டர் இருக்கு. தினமும் 8 மணி நேரம் ஓடுது. பம்ப் ரூமுல காத்தோட்டம் இல்ல, ஆசிட் கேனும் அதுக்குள்ளயேதான் இருக்கு.

இப்போ மூணு தொல்லை. மோட்டார்ல அரைக்கிற மாதிரி சத்தம். பம்ப் பாடிக்கும் மோட்டாருக்கும் நடுவுல தண்ணி சொட்டுது. மதியம் ஆனா ஓவர்லோடு ட்ரிப் ஆகுது, அரை மணி நேரம் ஆறவிட்டா மறுபடி ஓடுது. பேரிங்கும் சீலும் மாத்தினா போதும்னு ஒரு மெக்கானிக் சொல்றார். வயசாயிடுச்சு, வேரியபிள் ஸ்பீடு (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்ப்) வாங்குங்கன்னு இன்னொருத்தர். எதைப் பார்த்து முடிவு பண்ணணும்?

பேரிங்பித்தன்:

சத்தமும் சொட்டும் ஒரே கதை. ஷாஃப்ட் சீல் தேய்ஞ்சதும் தண்ணி ஷாஃப்ட் வழியா மோட்டாரை நோக்கிப் போகும். முதல்ல சாகறது முன்பக்க பேரிங். அதனால சொட்டை ஆறு மாசம் வேடிக்கை பார்த்துட்டு பேரிங் மட்டும் மாத்துறதும், பேரிங் மாத்தும்போது பழைய சீலையே திருப்பிப் போடறதும், ரெண்டுமே வெட்டி வேலை. ரெண்டையும் ஒண்ணா மாத்தணும்.

ட்ரிப் ஆகிறது தனி விஷயம். அதுக்குக் காரணம் தெரியாம எதுவும் வாங்காதீங்க. இதையெல்லாம் அளந்து போடுங்க:

1. லோடுல ஓடும்போது மோட்டார் டெர்மினல்ல வோல்டேஜ், கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர். காலையில ஒரு தரம், மதியம் ஒரு தரம். பக்கத்துலயே நேம் பிளேட்ல இருக்கிற ஆம்பியரும் வேணும்.
2. ரன் கெப்பாசிட்டரோட மைக்ரோஃபாரட். மெயினை அணைச்சு, ஒரு ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, ஒரு வயரைக் கழட்டி அளக்கணும். ஸ்குரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க.
3. 500 வோல்ட் மெக்கர்ல வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் நடுவுல இன்சுலேஷன். 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா மோட்டார் முடிஞ்சது, இல்ல ஈரம் ஏறியிருக்கு.
4. பேக்வாஷ் (தண்ணியை எதிர்த்திசையில விட்டு மணலைக் கழுவறது) முடிச்ச உடனே ஃபில்டர் கேஜ்ல பிரஷர்.

ஆம்பியரைப் படிக்கும்போது ஒண்ணு ஞாபகம் வையுங்க. இம்பெல்லர்ல (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) குப்பை அடைச்சா மோட்டார் திணறி ஆம்பியர் ஏறும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நேர் எதிர். சென்ட்ரிஃபியூகல் பம்ப்ல தண்ணி கம்மியா போனா வேலையும் கம்மி, ஆம்பியர் இறங்கும். ஆம்பியர் ஏறினா பேரிங் இறுக்கம், வோல்டேஜ் குறைவு, கெப்பாசிட்டர், வைண்டிங், இந்த நாலுக்குள்ளதான் தேடணும்.

ஓட்டக்கணக்கு:

மேல கேட்டதோட இன்னொண்ணும் அளங்க. பம்ப் வடிகட்டிக் கூடையோட டிரெய்ன் பிளக்கைக் கழட்டி அங்க ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்க. உறிஞ்சுற பக்கத்து வேக்குவமும் ஃபில்டர் பிரஷரும் கூட்டினா பம்ப் எதிர்க்கிற மொத்த ஹெட் (தண்ணியைத் தள்ள வேண்டிய அழுத்தம், மீட்டர் உயரக் கணக்குல) ஏறக்குறைய கிடைச்சிடும். 1 பார்னா 10.2 மீட்டர். அந்த ஹெட்டை உங்க பம்ப் மாடலோட கர்வ்ல (எந்த ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணி வரும்னு காட்டற வரைபடம்) வச்சுப் பார்த்தா மணிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுதுன்னு வந்திடும்.

ரிப்பேரா, புதுசாங்கற கேள்விக்கு முன்னாடி கேக்க வேண்டியது, இந்தப் பம்ப் இந்த ஃபில்டருக்கும் இந்தப் பைப்புக்கும் பொருந்துதாங்கறதுதான். பொருந்தாத பம்பை ரிப்பேர் பண்ணினாலும் தப்பு, அதே எச்பியில புதுசு வாங்கினா இன்னும் பெரிய தப்பு.

நீலத்தரை:

அளந்தாச்சு.

நேம் பிளேட் 7.2 ஆம்பியர். காலையில 228 வோல்ட், 7.6 ஆம்பியர். மதியம் 212 வோல்ட், 8.3 ஆம்பியர். கெப்பாசிட்டர்ல 30 மைக்ரோஃபாரட்னு எழுதியிருக்கு, மீட்டர் 22 காட்டுது. மெக்கர் 40 மெகா ஓமுக்கு மேல. பேக்வாஷுக்கு அப்புறம் 1.0 பார். வேக்குவம் 0.35 பார். கர்வ்ல பார்த்தா மணிக்கு 17 கன மீட்டர் வாக்குல வருது.

பேரிங்பித்தன்:

ட்ரிப்புக்குக் காரணம் கெப்பாசிட்டர். 5, 6 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம், உங்களுது 27 சதவீதம் விழுந்திருக்கு. கெப்பாசிட்டர் செத்தா துணை வைண்டிங் பங்கு குறைஞ்சு, மெயின் வைண்டிங் கூடுதலா இழுத்து சூடாகும். அதோட மதியம் வோல்டேஜும் இறங்குது, பம்ப் ரூமும் சூடாகுது. மூணும் சேரும்போது ஓவர்லோடு கழண்டுக்குது. அதே 30 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் ஏசி, மோட்டார் ரன் வகை வாங்கிப் போடுங்க. "ஸ்டார்ட்" வகை கொடுத்தா திருப்பிக் கொடுத்திடுங்க, அது தொடர்ந்து லைன்ல இருக்கச் செஞ்சது இல்ல. "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்"னு 40 போடறதும் வேண்டாம், துணை வைண்டிங் கருகும்.

வைண்டிங் நல்லா இருக்கு. அதனால காயில் கட்டுற பேச்சே இல்ல.

பேரிங், சீல் மாத்துறதுன்னா:

இந்த அளவு மோட்டார்கள்ல பெரும்பாலும் 6203 (17 × 40 × 12 மி.மீ.) இல்ல 6204 (20 × 47 × 14) வரும். பழைய பேரிங் வளையத்துல நம்பர் அடிச்சிருக்கும், அதையே வாங்குங்க. முன்னாலயும் பின்னாலயும் வேற வேற நம்பர் இருக்கலாம். ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி வச்சது, சி3 கிளியரன்ஸ் (உள் இடைவெளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்). பழசைப் புல்லர் போட்டு எடுங்க. புதுசை ஏத்தும்போது உள்வளையத்துல மட்டும் அழுத்தணும், அதுக்குத் தகுந்த பைப் துண்டு வச்சா போதும். வெளிவளையத்துல சுத்தியால தட்டினா குண்டுகள் பள்ளத்துல தழும்பு போட்டு, புது பேரிங்கே ஒரு மாசத்துல கத்த ஆரம்பிக்கும்.

இம்பெல்லர் ஷாஃப்ட்ல மரை ஏறியிருக்கும். மோட்டார் பின்னாடி ஷாஃப்ட் நுனியை ஸ்பானர்லயோ ஸ்குரூ டிரைவர்லயோ பிடிச்சுக்கிட்டு, இம்பெல்லரை முன்னாலிருந்து பார்த்து இடப்பக்கமா சுத்தினா கழலும். நடுவுல ஒரு லாக் ஸ்குரூ இருந்தா அது பெரும்பாலும் எதிர் மரை. அதைத் தெரியாம பலம் போட்டா தலை முறியும்.

சீல் ரெண்டு துண்டு: செராமிக் பக்கம் சீல் பிளேட்டுல உட்காரும், ஸ்பிரிங்கோட கார்பன் பக்கம் இம்பெல்லர்ல. பளபளன்னு இருக்கிற முகத்தை விரலால தொடக்கூடாது. கை எண்ணெய்ப் பசையும் தூசியும் போதும், முதல் நாளே சொட்டும். ரப்பர் பகுதிக்கு சோப்புத் தண்ணி மட்டும். கிரீஸ் தேவைப்படற இடம் மூடியோட ஓ-ரிங்கும் பாடி ஓ-ரிங்கும்தான், அதுக்கும் சிலிக்கான் கிரீஸ். வாசலின் போட்டா ரப்பர் ஊதிப்போகும்.

கழட்டினதும் ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, சீல் உட்கார்ற இடத்துல ஷாஃப்ட் அரிச்சு வளையம் விழுந்திருக்கா. விழுந்திருந்தா எந்த சீலும் நிக்காது. இன்னொண்ணு, உறிஞ்சுற பக்கத்து மரை வாய் கோணியிருக்கா. பம்ப் எப்போவாவது தண்ணி இல்லாம ஓடியிருந்தா உள்ள மிஞ்சின தண்ணி கொதிச்சு பிவிசி அடாப்டர் சுருங்கிடும். அப்புறம் எத்தனை டெஃப்லான் சுத்தினாலும் காத்து இழுக்கும். ரெண்டுல எது இருந்தாலும் என் ஓட்டு புதுசுக்குத்தான்.

ஓட்டக்கணக்கு:

இப்போ உங்க கணக்கு.

வேக்குவம் 0.35, பிரஷர் 1.0. மொத்தம் 1.35 பார், 13.8 மீட்டர் ஹெட். 17 கன மீட்டர்.

ஃபில்டர்: 600 மி.மீ. விட்டத்துக்கு மணல் பரப்பு 0.283 சதுர மீட்டர். 17 ஐ 0.283 ஆல் வகுத்தா மணிக்கு 60 மீட்டர் வேகம். சாண்ட் ஃபில்டருக்கு 50 க்கு மேல போகக்கூடாது, 30 பக்கம் இருந்தா வடிகட்டல் அருமை. 60 ல ஓடும்போது நுண்ணிய அழுக்கு மணலுக்குள்ள புகுந்து மறுபக்கம் வந்திடும். தண்ணி கொஞ்சம் மங்கலாவே இருக்குன்னா மருந்தைக் கூட்டறதுக்கு முன்னாடி இதைச் சந்தேகப்படணும்.

பைப்: 50 மி.மீ. பிவிசி உள்விட்டம் சுமார் 45. அதுல 17 கன மீட்டர்னா நொடிக்கு 3 மீட்டர். உறிஞ்சுற பக்கம் 1.8 மீட்டருக்குள்ள இருக்கணும். இந்த வேகத்துல நேர் பைப்லயே 10 மீட்டருக்கு 1.7 மீட்டர் ஹெட் உராய்வுல போயிடும். உங்க வேக்குவம் 0.35 காட்டறது அதனாலதான், கூடை அடைப்பு இல்ல.

ஆக 1.5 எச்பி இந்தக் குளத்துக்கு முதல் நாள்லயிருந்தே பெருசு. உங்களுக்குத் தேவை மணிக்கு 10 கன மீட்டர் போல. ஃபில்டர்ல 35 மீட்டர் வேகம், பைப்ல 1.75.

வேகத்தைக் குறைச்சா ஓட்டம் அதே விகிதத்துல, ஹெட் அதோட வர்க்கத்துல, பவர் கனத்துல (மூணாவது அடுக்குல) குறையும். 17 லிருந்து 10 க்கு வர வேகம் 0.59 மடங்கு, 1700 ஆர்பிஎம் பக்கம். பவர் கணக்குப்படி ஐந்துல ஒரு பங்கு. மோட்டாரும் டிரைவும் (வேகத்தை மாத்தற எலக்ட்ரானிக் பகுதி) விழுங்கறதைச் சேர்த்து 320, 330 வாட்னு வையுங்க. இப்போ ஏறக்குறைய 1550 வாட்.

விளம்பரத்துல வர்ற மிச்சத்தை அப்படியே நம்பாதீங்க. பழைய பம்பைத் தேவைக்கு மேல ஓட்டி, புது பம்பை அளவா ஓட்டி ஒப்பிடுவாங்க. ஒரே அளவு தண்ணியை வச்சு ஒப்பிடணும். ஒரு நாளைக்கு 85 கன மீட்டர் (குளம் ஒண்ணே கால் தரம் சுத்தின மாதிரி) எடுத்துக்கிட்டா:

பழைய 1.5 எச்பி: 5 மணி நேரம், 7.75 யூனிட்.
சின்ன 0.75 எச்பி ஒரே வேகம்: மணிக்கு சுமார் 12 கன மீட்டர், 0.85 கிலோவாட்னு வச்சா 7 மணி நேரம், 6 யூனிட்.
வேரியபிள், 1700 ஆர்பிஎம்: 8.5 மணி நேரம், 2.8 யூனிட்.

இப்போ 8 மணி நேரம் ஓட்டி 12.4 யூனிட் செலவழிக்கிறீங்க. அதுல 4 யூனிட்டுக்கு மேல டைமரை 5 மணி நேரத்துக்குத் திருப்பினாலே மிச்சம், ஒரு ஸ்குரூகூட கழட்ட வேண்டாம். ஆனா உங்ககிட்ட உப்புக் குளோரினேட்டர் இருக்கு. பம்ப் ஓடினாத்தான் அது குளோரின் உண்டாக்கும், நேரத்தைக் குறைச்சா குளோரினும் குறையும். அதனால 8 மணி நேரத்தை விட முடியலைன்னா: பழசு 12.4, சின்னது 6.8, வேரியபிள் 8 மணி நேரமும் ஒரு மணி நேரம் வேகமாவும் சேர்த்து 4 யூனிட் பக்கம். உப்புக் குளத்துல வேரியபிள் ஜெயிக்கிறது இந்த இடத்துலதான். குளோரின் மாத்திரை போடற குளமா இருந்தா நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

வேரியபிள் விலையில இருந்து ரிப்பேர் செலவைக் கழிங்க. மிச்சமாகிற யூனிட்டை (உங்களுக்கு நாளுக்கு 8) உங்க யூனிட் விலையால பெருக்குங்க, வருஷத்துல ஓடற நாளாலயும் பெருக்குங்க. முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா எத்தனை வருஷம்னு வரும். மூணுக்குள்ள வந்தா யோசிக்கவே வேண்டாம். ஆறைத் தாண்டினா ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க.

ஈரப்பதம்:

கணக்கெல்லாம் சரிங்க. ஆனா அந்த 1700 ஆர்பிஎம்மைக் கொடுக்கிறது மோட்டார் தலையில இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு. பழைய பம்ப்ல கெட்டது ஒரு கெப்பாசிட்டர், எந்தக் கடையிலயும் கிடைக்கும். வேரியபிள்ல போர்டு போனா முழு டிரைவையும் மாத்தணும், அது பாதிப் பம்ப் விலையைத் தொடும். மதியம் 212 க்கு இறங்கற லைன், காத்தோட்டம் இல்லாத பம்ப் ரூம், அதுக்குள்ளயே ஆசிட் கேன். இந்த மூணும் போர்டுக்கு எமன். ஆசிட் ஆவி செம்பையும் பேரிங்கையும்கூட அரிக்கும், உங்க பம்ப்லயும் அதோட கைவரிசை இருக்கலாம். எந்தப் பம்ப் வச்சாலும் ஆசிட்டையும் குளோரினையும் முதல்ல வெளிய கொண்டு போங்க.

0.75 எச்பி ஒரே வேகப் பம்பை ஏன் யாரும் பேசறதில்லைன்னு தெரியல. ஓட்டக்கணக்கு போட்ட கணக்குலயே 12.4 லிருந்து 6.8 க்கு வந்தாச்சு. வேரியபிள் தர்ற மிச்சத்துல பாதிக்கு மேல அதுலயே கிடைச்சிடுது, விலையும் கம்மி, ரிப்பேரும் சுலபம். 12 கன மீட்டர்னா மணல்ல 42 மீட்டர் வேகம், பேக்வாஷும் நடக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய மோட்டாருக்கே வெளியில விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்தற தனிப் பெட்டி) மாட்டி வேகத்தைக் குறைக்கலாம்னு யாராவது சொன்னா, சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டாருக்கு அது ஒத்து வராது. சாதாரண விஎஃப்டி வெளியே கொடுக்கிறது மூணு பேஸ். மூணு பேஸ் மோட்டாரா இருந்தா செய்யலாம், ஆனா முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சுத்துற திசையைப் பார்க்கணும். எதிர்த்திசையில சுத்தினா மரை போட்ட இம்பெல்லர் தானே கழண்டு வந்து பாடில உரசும்.

ஓட்டக்கணக்கு:

பேக்வாஷ் 42 ல நடக்கும்தான், ஆனா விளிம்புல நிக்குது. மணல் நல்லா எழும்பிக் கழுவ 40 லிருந்து 50 வேணும். ஃபில்டர் கொஞ்சம் அழுக்கா இருந்தா, வெளியேத்தற பைப் நீளமா இருந்தா அது 35 க்கு இறங்கிடும், மணல் கட்டி பிடிக்க ஆரம்பிக்கும். வேரியபிள்ல தினசரி 1700, பேக்வாஷுக்கு மட்டும் கூட்டிக்கலாம். மத்தபடி லைன் மோசமா, ரூம் மோசமான்னா ஈரப்பதம் சொல்றது நியாயம். அந்த நிலைமையில நானும் 0.75 தான் சொல்வேன்.

நீலத்தரை:

கழட்டிட்டோம். கெப்பாசிட்டர் மாத்தினதும் மதியம் 7.4 ஆம்பியர், ட்ரிப் நின்னுடுச்சு. ஆனா ஷாஃப்ட்ல சீல் உட்கார்ற இடத்துல நகம் மாட்டற அளவுக்கு வளையம். உறிஞ்சுற வாய் அடாப்டர் முட்டை வடிவத்துல இருக்கு. ரூமுக்கு எதிர் எதிரா ரெண்டு காத்துத் துளை போட்டு ஆசிட் கேனை வெளிய எடுத்தாச்சு. கணக்குப் போட்டா மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் கீழ வருது. வேரியபிள்தான். மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

ஓட்டக்கணக்கு:

பம்ப் வாய்க்கு முன்னாடி பைப் விட்டத்துல அஞ்சு மடங்கு நேர் பைப் விடுங்க, 50 மி.மீ.க்கு 25 செ.மீ. எல்போவை வாயோடு ஒட்டி வச்சா தண்ணி சுழண்டு உள்ள போய் சத்தமும் காத்துக் குமிழும் வரும். பம்ப் ரூமுக்குள்ள தெரியற உறிஞ்சு பைப்பை 63 மி.மீ.க்கு மாத்த முடிஞ்சா இப்பவே மாத்திடுங்க. ரெண்டு பக்கமும் யூனியன் (பைப்பை வெட்டாம கழட்டி மாட்டற இணைப்பு), யூனியனுக்கு வெளியில வால்வு. பம்ப் குளத்து நீர்மட்டத்துக்கு மேல இருந்தா உறிஞ்சுற பக்கம் ஒரு என்ஆர்வி (தண்ணி திரும்பிப் போகாம தடுக்கிற வால்வு). இல்லாட்டி ஒவ்வொரு தரமும் பிரைம் ஆக (காத்து வெளியேறி பம்ப்ல தண்ணி நிறைய) நேரம் பிடிக்கும்.

வேகம்: ஸ்டார்ட் ஆனதும் 3 நிமிஷம் முழு வேகம், பிரைமிங்குக்கு. காலையில ஒரு மணி நேரம் 2400, ஸ்கிம்மர் (நீர்மட்டத்துல குப்பையை உறிஞ்சுற வாய்) மேல மிதக்கறதை இழுக்க. 1700 ல ஸ்கிம்மர் கதவு சோம்பலாத்தான் ஆடும். மிச்ச நேரம் 1700. பேக்வாஷ் 2400 ல, பார்வைக் கண்ணாடி தெளியற வரைக்கும். 2400 ன்னா மணல்ல 50 மீட்டர் வேகம், அதுக்கு மேல கூட்டினா மணலே வெளிய போக ஆரம்பிக்கும். குளோரினேட்டரோட ஃப்ளோ ஸ்விட்ச் (ஓட்டம் போதலைன்னா திறந்து கரண்டை வெட்டற ஸ்விட்ச்) 1700 ல திறந்துக்குதான்னு பாருங்க. திறந்தா 50, 50 ஆர்பிஎம்மா ஏத்தி, அது நிலையா மூடற வேகத்துக்கு மேல இன்னும் 100 வையுங்க. ஓட்டம் இல்லாம செல்லுக்குக் கரண்ட் போனா அதுல ஹைட்ரஜன் தேங்கும், அதனால அந்த ஸ்விட்சை பைபாஸ் பண்ணச் சொல்ற ஆளை உள்ளயே விடாதீங்க.

ஈரப்பதம்:

வயரிங்ல மூணு விஷயம். பழைய டைமர் மெயின் லைனையே வெட்டும், அதைக் கழட்டிட்டு நேரத்தைப் பம்ப் உள்ளேயே செட் பண்ணுங்க. தினம் ரெண்டு தரம் சப்ளையை வெட்டிப் போட்டா டிரைவோட உள் கெப்பாசிட்டர் ஒவ்வொரு தரமும் பெரிய கரண்ட் இழுக்கும், ஆயுசு குறையும். குளோரினேட்டருக்கு அந்த டைமர்லயிருந்துதான் சப்ளை போகுதுன்னா, பம்ப் ஓடும்போது மட்டும் அது ஓடற மாதிரி வேற இன்டர்லாக் வேணும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (லீக்கேஜ் வந்தா கரண்டை வெட்டற பிரேக்கர்) கட்டாயம், பம்புக்குத் தனியா. டிரைவ்ல இயல்பாவே கொஞ்சம் லீக்கேஜ் இருக்கும், மத்த லைனோட சேர்த்தா காரணமில்லாம விழும். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிறது) மெயின் ஸ்விட்ச் போர்டுலயே மாட்டிடுங்க. பழைய மோட்டார்ல பாண்டிங் வயர் (குளத்தோட உலோகப் பாகங்களை ஒண்ணா இணைக்கிற வயர்) இருந்தா அதே வயரைப் புது மோட்டார் லக்ல இறுக்கணும், நிறையப் பேர் அதைத் தொங்கவிட்டுட்டுப் போயிடறாங்க.

நீலத்தரை:

ஒரு சந்தேகம். 1700 ல ஃபில்டர் கேஜ் கிட்டத்தட்ட சுழியத்துல நிக்கும் போலிருக்கே, அப்புறம் எப்போ பேக்வாஷ் பண்றதுன்னு எப்படித் தெரியும்? இதுவரைக்கும் 1.0 லிருந்து 1.5 வந்தா பண்ணுவோம்.

ஓட்டக்கணக்கு:

சுழியம் இல்ல, 0.35 பார் காட்டணும். 1.0 ஐ 0.59 வர்க்கத்தால பெருக்கினது அது. அந்த வேகத்துல அரை பார் ஏறட்டும்னு காத்திருந்தா ஃபில்டர் முழுசா அடைச்சாலும் முள் அங்க வராது. சுத்தமா இருக்கும்போது 2400 ல முள் எங்க நிக்குதுன்னு குறிச்சு வையுங்க (0.7 பக்கம் வரும்), தினம் காலையில அந்த ஒரு மணி நேரத்துல மட்டும் பாருங்க, கால்வாசி ஏறினதும் பேக்வாஷ். இப்போ இருக்கிறது 4 பார் கேஜ்னா அதுல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, 1.6 பார் கேஜ் மாத்திடுங்க. ஆனா வால்வு எதையும் மூடி வச்சுட்டு முழு வேகத்துல ஸ்டார்ட் பண்ணினா முள் அந்த 1.6 ஐத் தாண்டி வளைஞ்சிடும்.

பேரிங்பித்தன்:

பழைய மோட்டாரை எடைக்குப் போடாதீங்க. வைண்டிங் நல்லா இருக்கு, கெப்பாசிட்டர் புதுசு. ஷாஃப்ட் பள்ளத்துக்கு லேத்ல மெல்லிய ஸ்லீவ் ஏத்தி, சீல், ரெண்டு பேரிங், புது அடாப்டர் போட்டு வச்சா டிரைவ் போர்டு மாத்தப் போற வாரத்துல யூனியனைத் திருப்பி மாட்டிக்கலாம். அதுக்குத் தோதா ரெண்டு பம்போட வாய் உயரத்தையும் நடு தூரத்தையும் இப்பவே அளந்துக்கோங்க. உயரம் வித்தியாசப்பட்டா பழசுக்கு அடியில வைக்க ஒரு பலகை போதும், வாய் தூரம் வித்தியாசப்பட்டா ஒரு துண்டு பைப்பை ரெண்டு முனையும் யூனியனோட செஞ்சு வையுங்க.